இலையைப் பார்த்தால் தெரியும்

லாங்கு பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்ன அச்சகம் ஒன்று இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, பில் புக், விசிட்டிங் கார்டு எல்லாம் அடிப்பார்கள். ஆடி மாதம் என்பதால் பத்திரிகை வேலை இல்லை. அம்மன் கோயில் கூழ் வார்க்கும் நோட்டீஸ் மட்டும் மூலையில் கட்டுக்கட்டாக இருந்தது. மத்தியானம் மூன்று மணி. அச்சகக்காரரின் போனிலேயே எங்கள் இணையதளத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

அவர் கட்டைவிரல் ஓரத்தில் நீல மை காய்ந்து கிடந்தது. அந்த விரல் திரையைத் தொடாமல் அரை அங்குல உயரத்தில் நின்றது. கொஞ்சம் கீழே வந்தது, மறுபடி மேலே போனது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், திரும்ப இறக்கினார். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க மாட்டேன் என்று, என்னோடு சேர்ந்து இந்தத் தளத்தைக் கட்டிய தோழியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அப்புறம் கேட்டார்.

"இன்னாம்மா, எல்லாம் ஃப்ரீயா செஞ்சு குடுப்பாங்களா?"

திரையின் உச்சியில் பெரிய எழுத்தில் 'வேலூரின் சிறந்த ஃப்ரீலான்சர்கள், ஒரே இடத்தில்' என்று போட்டிருந்தோம். அந்த ஒரு வரிக்காக நானும் தோழியும் பல ராத்திரி பேசியிருக்கிறோம். 'சிறந்த' இருக்கட்டுமா, 'நம்பகமான' போடலாமா என்றெல்லாம் யோசித்தோம். பிரச்சினை அந்தச் சொல்லில் இல்லை, பக்கத்துச் சொல்லில் இருந்தது. ஃப்ரீலான்சர் என்றால் ஒரு கம்பெனியில் சேராமல் தனியாக வேலை எடுத்துச் செய்து தருகிறவர் என்று நாங்கள் நினைத்து எழுதினோம். இருபது வருடமாகப் பத்திரிகை அடிப்பவர், எழுத்தோடு வாழ்கிறவர், 'ஃப்ரீ' வரைக்கும் படித்துவிட்டு நின்றுவிட்டார். அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. நம் ஊரில் ஃப்ரீ என்றால் இலவசம்தான்.

அன்றைக்கு அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம், அதற்கு முந்தைய இரண்டு மாதம் எங்களுக்குக் கிடைத்த பாராட்டு முழுவதையும்விடப் பெரிது. அதனால்தான் இதை எழுதுகிறேன். புதிதாக ஒரு தளத்தைக் கட்டிக்கொண்டிருப்பவர்கள், அதிலும் சின்ன ஊரில் இருந்து கட்டுபவர்கள், யாருக்காவது பயன்படும்.

நாங்கள் செய்வது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை தருகிறவர் ஒரு பக்கம், வேலை செய்து தருகிறவர் இன்னொரு பக்கம், இரண்டு பேரையும் சேர்த்துவைக்கிற தளம். பேனர் டிசைன், டாலி கணக்கு, டைப்பிங், மொழிபெயர்ப்பு, கல்யாண வீடியோ எடிட்டிங், வெப்சைட் போன்ற வேலைகள். இது உலகத்துக்குப் புதிது இல்லை. 1999-இல் வந்த எலான்ஸும் அதற்குப் பின்னால் வந்த ஓடெஸ்க்கும் 2013 கடைசியில் இணைவதாக அறிவித்து, 2015-இல் அப்வொர்க் என்று பெயர் மாறின. ஃபைவர் 2010-இல் வந்தது. குடியாத்தத்திலும் காட்பாடியிலும் உட்கார்ந்துகொண்டு அவற்றில் டாலரில் சம்பாதிக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் சத்துவாச்சாரியில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், தன் பில்லிங் சாஃப்ட்வேரில் ஜிஎஸ்டி சரியாக வரவில்லை என்றால் அங்கே போய் ஆள் தேட மாட்டார். பக்கத்துக் கடைக்காரரைத்தான் கேட்பார். அந்தப் பக்கத்துக் கடைக்காரர் வேலையைச் செய்கிற தளமாக எங்களுடையது இருக்க வேண்டும் என்பது ஆசை.

கட்டி முடித்ததும் எல்லாரும் செய்கிறதைத்தான் நாங்களும் செய்தோம். தெரிந்தவர்கள், சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பி, 'பார்த்துவிட்டு எப்படி இருக்கு சொல்லுங்க' என்று கேட்டோம். 'சூப்பர்', 'செம', 'வாழ்த்துகள் மா', கை கூப்பும் படம், கட்டைவிரல் படம் என்று வந்துகொண்டே இருந்தது. என் சித்தப்பா குடும்ப குரூப்பில் எல்லாருக்கும் பார்வர்டு செய்தார். மனசு நிறைந்துபோனது. ஆனால் தளத்தின் கணக்கை எடுத்துப் பார்த்தால், வந்தவர்களில் பெரும்பாலோர் முதல் பக்கத்தைத் தாண்டவே இல்லை. 'சூப்பர்' என்று எழுதியவர்களில் ஒருவர்கூட ஒரு ஆளைத் தேடிப் பார்க்கவில்லை.

அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. நாங்கள் கேட்ட கேள்விதான் தப்பு. கல்யாண வீட்டுப் பந்தியில் போய் 'சாப்பாடு எப்படி இருந்துச்சு' என்று கேட்டுப் பாருங்கள். 'ரொம்ப நல்லா இருந்துச்சு' என்றுதான் சொல்வார்கள். சாம்பாரில் உப்பு கம்மி என்று யார் வாயில் வரும்? அது நம் வளர்ப்பு, நம் மரியாதை. ஆனால் பந்தி நடத்திப் பழகிய சமையல்காரர் யாரையும் கேட்க மாட்டார். ஆட்கள் எழுந்த பிறகு இலையைப் பார்ப்பார். எந்தக் கூட்டு அப்படியே இருக்கிறது, எந்தப் பாயசம் வழித்து எடுக்கப்பட்டிருக்கிறது என்று இலை சொல்லிவிடும்.

அதற்குப் பிறகு நாங்கள் கருத்துக் கேட்பதை நிறுத்திவிட்டு, இலையைப் பார்க்க ஆரம்பித்தோம்.

செய்தது இவ்வளவுதான். எங்களை முன்பின் தெரியாத ஒருவர், அல்லது தெரிந்திருந்தாலும் இந்தத் தளத்தைப் பார்க்காத ஒருவர் வேண்டும். அவருடைய போனில், அவருடைய கடையிலேயே. முதலில் பக்கத்தைத் திறந்து ஐந்து விநாடி காட்டிவிட்டுப் போனைக் கவிழ்த்துவைத்து, 'இது என்ன கடைன்னு நினைக்கிறீங்க?' என்று கேட்பேன். பிறகு ஒரு வேலை. 'உங்க கடைக்கு ஆயுத பூஜைக்கு ஒரு பேனர் வேணும். இதுல ஆள் பிடிங்க பார்ப்போம்.' அப்புறம் நான் பேசக் கூடாது. 'இதுக்கு அடுத்து எங்கம்மா அழுத்தணும்?' என்று கேட்டால்கூட, 'நீங்க தனியா இருந்தா எங்க அழுத்துவீங்க?' என்று மட்டும் திருப்பிக் கேட்கலாம். நோட்டுப் புத்தகத்தில் நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் அவர் சொன்னது, வலது பக்கம் அவர் விரல் செய்தது. ஒரு வாரத்திலேயே வலது பக்கம்தான் நிறையும் என்று தெரிந்துவிட்டது.

பேசாமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான வேலை. நாம் பெற்ற பிள்ளை மேடையில் திணறும்போது கீழே இருந்து வரியை எடுத்துக்கொடுக்கத் தோன்றுமே, அப்படி இருக்கும். எடுத்துக்கொடுத்த அந்த நிமிடமே அந்த ஆள் நமக்கு உபயோகம் இல்லாமல் போய்விடுவார். எங்கே அழுத்த வேண்டும் என்று தெரிந்த பிறகு அவர் மறுபடி தெரியாதவராக ஆக முடியாது. முதல் முறை பார்க்கிற கண் ஒரு ஆளிடம் ஒரே ஒரு தடவைதான் இருக்கும். என்னிடம் அது எப்போதோ போய்விட்டது. தோழியிடமும் இல்லை. வாட்ஸ்அப்பில் லிங்க் வாங்கிய அத்தனை பேரிடமும் நாங்களே அதைச் செலவழித்துவிட்டோம். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அதனால் மீதி இருப்பவர்களைச் சிக்கனமாகத்தான் செலவு செய்தோம். எத்தனை பேர் போதும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. கம்ப்யூட்டரை ஆட்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்த ஜேக்கப் நீல்சனும் டாம் லேண்டாவரும் 1993-இல் வெளியிட்டது. ஒரு ஆளை உட்காரவைத்துப் பார்த்தால் அந்தத் தளத்தில் உள்ள குறைகளில் சராசரியாக 31 சதவீதம் தெரிந்துவிடும், ஐந்து பேரைப் பார்த்தால் 85 சதவீதம் வரை வந்துவிடும், ஆறாவது ஆளிடம் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் பழையதாகவே இருக்கும் என்பது அதன் சாரம். 2000-இல் நீல்சன் இதை விளக்கி எழுதியபோது, பதினைந்து பேர் கிடைத்தால் ஒரே தடவையில் பார்த்துவிடாமல், ஐந்து பேரைப் பார், திருத்து, மறுபடி ஐந்து பேரைப் பார் என்றார். அதிலேயே இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். தளத்துக்கு வருகிறவர்கள் இரண்டு வேறு வேறு வகை ஆட்களாக இருந்தால், ஒவ்வொரு வகையிலும் மூன்று நான்கு பேரைப் பார்க்க வேண்டும். எங்களுக்கு அந்த வரிதான் முக்கியம். கடைக்காரருக்கும் டிசைனருக்கும் ஒரே தளம் இரண்டு வேறு கடை. கடைக்காரருக்கு அது ஆள் பிடிக்கிற இடம். டிசைனருக்கு அது தன் பெயர்ப் பலகை. இரண்டு கூட்டத்தையும் தனித்தனியாகத்தான் பார்த்தோம்.

எப்போது போவது என்பதும் வேலையில் ஒரு பாதி. கடைக்காரர்களுக்கு மூன்றிலிருந்து நாலரை வரை ஓய்வு. பத்திரிகைக்காரர்களுக்கு ஆடியும் மார்கழியும் சும்மா இருக்கும் மாதங்கள். ஆம்பூருக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் போகக் கூடாது, தொழுகை நேரம். வந்து உட்கார்ந்து நேரம் தருகிறவருக்குக் கையில் கொஞ்சம் காசும் கொடுத்தோம். முதலில் வேண்டாம் என்பார்கள். 'இது உங்க நேரத்துக்கு, நாங்க சொல்றது நல்லா இருக்குன்னு சொல்றதுக்கு இல்ல' என்று சொல்லிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். அப்படிச் சொல்லிக் கொடுத்த பிறகு பேச்சும் கொஞ்சம் நேராக வந்தது.

ஐந்து விநாடி காட்டிக் கேட்ட கேள்விக்கு வந்த பதில்கள் எங்களைத் தூங்கவிடவில்லை. 'வேலைவாய்ப்பு ஆபீஸ்' என்றார் ஒருவர். 'ஆன்லைன் கோர்ஸ்' என்றார் இன்னொருவர். கிரீன் சர்க்கிள் பக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவர் 'லோன் ஆப்பா?' என்று கேட்டுவிட்டுப் போனை என் பக்கம் தள்ளிவிட்டார். ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்டேன். பச்சை நிறம், சிரிக்கிற முகம், கையில் லேப்டாப். லோன் ஆப் விளம்பரங்களில் அவர் பார்த்தது அதையேதான். 2006-இல் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், ஒரு பக்கம் கண்ணுக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பதை 50 மில்லி விநாடியிலேயே மனசு முடிவு செய்துவிடுகிறது என்று கண்டார்கள். எங்கேயோ காசுக்கு வாங்கிய அந்தச் சிரிக்கிற படத்தை அன்றைக்கே எடுத்தோம். அந்த இடத்தில் இப்போது அச்சகக்காரரின் மை படிந்த கை இருக்கிறது. அவரிடம் கேட்டுத்தான் போட்டோம்.

காட்பாடியில் ஒரு அக்கா வீட்டிலிருந்தே டைப்பிங் எடுத்துச் செய்பவர். அவர் முதல் பக்கத்தில் கொஞ்சம் கீழே போனார். 'வீட்டிலிருந்தே சம்பாதியுங்கள்' என்ற வரி வந்தது. அங்கே நிறுத்திவிட்டார். "இதே வரிதான் எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு டெலிகிராம்ல வந்துச்சு" என்றார். வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று ஆரம்பித்து, முதலில் கொஞ்சம் காசும் கொடுத்து, அப்புறம் இவளிடமே டெபாசிட் கேட்டு, கடைசியில் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் போட்டுப் புகார் கொடுக்கிற நிலை வந்ததாம். அந்த அக்கா அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. நாங்கள் நல்ல எண்ணத்தோடு எழுதிய வாக்கியம், ஏமாற்றுக்காரர்கள் தினமும் எழுதுகிற வாக்கியம். அப்படி இருக்கும்போது நல்ல எண்ணம் அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த வரி போனது. அதற்குப் பதிலாக, 'பதிவு செய்ய ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். எங்கள் பெயரைச் சொல்லி யாராவது டெபாசிட் கேட்டால் கொடுக்காதீர்கள்' என்று போட்டோம். கீழே எங்கள் முகவரி, எங்கள் இரண்டு பேர் போட்டோ, கூப்பிட்டால் நாங்களே எடுக்கிற போன் நம்பர். வந்தவர்களில் பாதிப் பேருக்குமேல் பக்கத்தின் அடிவரைக்கும் தள்ளிக்கொண்டு போய்த் தேடியது இதைத்தான். 'ஆபீஸ் எங்க இருக்கு?' என்பது, 'கமிஷன் எவ்வளவு?' என்பதற்கு முன்னால் வருகிற கேள்வி.

தனியாக உட்காருகிறவர்கள் வாய்விட்டுப் பேசுவதில்லை. மனசில் ஓடுவதைச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்வது வெளிநாட்டில் பழகிய முறை. நம் ஊரில் அந்நியர் முன்னால் தனக்குத் தானே பேசுவதை யாரும் சங்கடப்படாமல் செய்ய மாட்டார்கள். இரண்டு பேரைச் சேர்த்து உட்காரவைத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. சத்துவாச்சாரியில் ஃப்ளெக்ஸ் கடை நடத்துகிற கணவன் மனைவியிடம் ஒரே போனைக் கொடுத்தோம். என் நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்.

"அங்க அழுத்துங்க."

"அது லாகின். நம்ம நம்பர் கேக்கும்."

"கேட்டா குடுங்களேன்."

"எதுக்கு குடுக்கணும்? இன்னும் ஒரு ஆளு மூஞ்சியக்கூட பாக்கல."

"ஆமா, கடைக்குள்ளயே வுடாம வாசல்லயே நம்பர் கேக்கறானுங்க."

இந்த ஐந்து வரிக்குப் பிறகு எங்களுக்கு வேறு ஆலோசகர் தேவைப்படவில்லை. ஆட்களின் பெயர், செய்த வேலை, வாங்குகிற தொகை எல்லாவற்றையும் லாகின் இல்லாமலே பார்க்கும்படி மாற்றினோம். பேச வேண்டும் என்றால் மட்டும்தான் நம்பர்.

அப்புறம் 'ப்ராஜெக்ட்'. வேலை கொடுக்கிறவர் அழுத்த வேண்டிய பட்டனில் 'ப்ராஜெக்ட் போடுங்கள்' என்று எழுதியிருந்தோம். பெரிய தளங்கள் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருக்கிறது, நாங்களும் யோசிக்கவில்லை. ஆனால் இது வேலூர். இங்கே ப்ராஜெக்ட் என்றால் இன்ஜினியரிங் கடைசி வருடப் பசங்கள் கொடுக்க வேண்டிய ப்ராஜெக்ட். அதைச் செய்து தருகிறோம் என்ற போர்டுகள் கண்ணில் படாமல் ஊரைச் சுற்ற முடியாது. ஒரு பாத்திரக் கடைக்காரர் அந்தப் பட்டனைப் பார்த்துவிட்டு, "இது காலேஜ் புள்ளைங்களுக்கும்மா, நமக்கு இல்ல" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். அன்று மாலையே ஒரு மாணவன் உண்மையாகவே அந்தப் பட்டனை அழுத்தி, தன் கடைசி வருட ப்ராஜெக்டுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டிருந்தான். இரண்டு பக்கமும் ஒரே நாளில் நிரூபணம் ஆனது. இப்போது அந்தப் பட்டனில் 'என் வேலையைச் சொல்கிறேன்' என்று இருக்கிறது. 'ஃப்ரீலான்சர்' போன இடத்தில் 'வேலை செய்து தருபவர்' வந்தது. நீளம்தான். ஆனால் யாரும் திணறவில்லை.

தமிழில் எழுதினால் மட்டும் புரிந்துவிடும் என்று நினைத்ததும் தப்புதான். 'உள்நுழைக' என்று போட்டிருந்தோம், அதை அழுத்தாமல் சுற்றிச் சுற்றி 'லாகின்' எங்கே என்று தேடினார்கள். 'சமர்ப்பிக்கவும்' என்ற சொல் பட்டனுக்குள் அடங்காமல் 'சமர்ப்பிக்க' வரை வந்து வெட்டுப்பட்டது. 'அனுப்பு' என்று மாற்றினோம், சரியாகிவிட்டது.

எங்கள் கம்ப்யூட்டரில் ஒருபோதும் தெரிந்திருக்காத குறைகளும் இருந்தன. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கிறவர்கள் நிறையப் பேர் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள். அச்சகக்காரர் போனில் எழுத்து அவ்வளவு பெரிதாக இருந்ததால், நாங்கள் உயிராக நினைத்த பட்டன் திரைக்குக் கீழே எங்கேயோ போயிருந்தது. அவர் விரல் அரை அங்குல உயரத்தில் நின்றதற்கு அதுவும் காரணம். அழுத்துவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. டீக்கடை வாசல் வெயிலில் எங்கள் சாம்பல் நிற எழுத்து சுத்தமாகக் காணாமல் போனது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்று இணைய அணுகல் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. குளிர்ந்த அறையில் உட்கார்ந்து அழகு பார்த்தபோது அது நினைவுக்கு வரவில்லை. வேலூரில் தளம் கட்டினால் அதை வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆம்பூர் போன கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே ஷூவின் மேல்பகுதிக்கு, அப்பர் என்பார்கள், கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுகிற ஒரு பாய். கம்பெனியில் இருந்தவர், இப்போது தனியாகச் செய்கிறார். சின்ன யூனிட்டுகள் அவரைத் தேடி வருகின்றன. எங்களுக்கு வேண்டியது இப்படிப்பட்ட ஆள்தான். அவர் பொறுமையாக எங்கள் வேலைப் பட்டியல் முழுவதையும் படித்தார். லோகோ, மொபைல் ஆப், கட்டுரை எழுதுதல், ஃபேஷன் டிசைன், குரல் பதிவு. கடைசிவரை போய், மறுபடி மேலே வந்து, இரண்டாவது தடவையும் படித்தார். "எங்க வேலை இதுல இல்லையேம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. தேடிப் பார்த்து இல்லை என்று சொன்னார், அவ்வளவுதான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் தொழிலிலேயே வாழ்கிற ஒரு பகுதிக்கு நாங்கள் தளம் கட்டியிருக்கிறோம், பட்டியலை எங்கிருந்தோ அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறோம். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஊர் விஷயத்திலும் அவரிடம்தான் கற்றுக்கொண்டோம். ஊரைத் தேர்ந்தெடுக்கிற இடத்தில் அவர் வேலூரை அழுத்தி, அதற்குள் ஆம்பூரைத் தேடினார். இல்லை. 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது, நாங்கள் அரசாங்கக் கணக்குப்படி சரியாகத்தான் போட்டிருந்தோம். ஆனால் ஆளின் மனசில் ஊர் அப்படிப் பிரிந்திருக்கவில்லை. 1989-இல் பிரிந்த வட ஆற்காட்டையே இன்னும் 'என். ஏ. டிஸ்ட்ரிக்ட்' என்று சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். மாவட்டத்தைத் தூக்கிவிட்டு, ஊர் பெயரை நேராக எழுதும்படி மாற்றினோம்.

வேலை செய்து தருகிறவர்களில் அனுபவசாலிகள் வேறு விதமாகப் பார்த்தார்கள். ஃபைவரில் இரண்டு வருடம் இருந்த குடியாத்தத்துத் தம்பி வந்ததும் கமிஷனைத் தேடினான். அங்கே அவன் வாங்குகிற ஒவ்வொரு நூறிலும் இருபது தளத்துக்குப் போகிறது. பிறகு ரிவ்யூ நட்சத்திரங்களைப் பார்த்தான். எல்லாம் காலி. "அக்கா, ஆரம்பத்துக்கு நாமளே நாலு ரிவ்யூ எழுதிப் போட்டுடலாமே, எல்லாரும் அப்டித்தான்" என்றான். நல்ல மனசோடு சொன்னான். முடியாது என்று சொல்லிவிட்டேன். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஆன்லைன் ரிவ்யூக்களுக்காக ஐஎஸ் 19000 என்ற தரநிலையையே கொண்டுவந்திருக்கிறது என்பது ஒரு பக்கம். பக்கத்துக் கடைக்காரர் வேலையைச் செய்கிற தளம் என்று சொல்லிவிட்டு, பக்கத்துக் கடைக்காரர் பொய் சொல்லலாமா? காலியான நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, 'புதிதாகச் சேர்ந்தவர்' என்று உள்ளபடி எழுதினோம். கூடவே அவர் செய்த வேலைகளின் படம்.

பணம் பற்றி எல்லாரும் கேட்டது ஒன்றே ஒன்று. அட்வான்ஸ் கொடுத்த பிறகு ஆள் ஓடிவிட்டால்? நாங்கள் அங்கே எழுதியிருந்தது 'எஸ்க்ரோ பாதுகாப்பு'. ஒருவர்கூட அந்தச் சொல்லைத் தாண்டவில்லை. எங்களுக்குப் பணம் வசூலித்துத் தருகிற பேமென்ட் நிறுவனம், ரிசர்வ் வங்கி விதிப்படி அந்தப் பணத்தை வங்கியில் தனிக் கணக்கில் வைத்திருக்க வேண்டும். நாங்கள் அதைத் தொட முடியாது. இதை எப்படிச் சொல்வது என்று ஃப்ளெக்ஸ் கடை அக்காவையே கேட்டேன். "பணம் நடுவுல நிக்கும், நீங்க சரின்னு சொன்னாத்தான் போகும். இவ்ளோதானே?" என்றார். அந்த வாக்கியம் அப்படியே தளத்தில் இருக்கிறது.

கடைசியாகச் சொல்லப்போவதுதான் என் மனசில் அதிகமாகக் கிடக்கிறது.

1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த சிஎம்சி மருத்துவமனைக்கு இன்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம். அதைச் சுற்றி இருக்கிற தெருக்களில் லாட்ஜ் போர்டும் சாப்பாட்டுக் கடை போர்டும் வங்காள எழுத்தில் இருக்கும். அங்கே ஒரு லாட்ஜில் வேலை செய்கிற தம்பி ஒடுகத்தூர் பக்கத்து கிராமத்துப் பையன். நோயாளிகளின் குடும்பத்தோடு பேசிப் பேசியே வங்காளம் கற்றுக்கொண்டவன். ஆட்டோக்காரரிடம் பேசித் தருவது, வாடகைக்கு ரூம் பேசுவது, மார்க்கெட்டில் மீன் வாங்கித் தருவது என்று எல்லாவற்றுக்கும் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். இப்படி ஒருவன் எங்கள் தளத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் போனேன்.

அவன் பெயர் போட்டான். நம்பர் போட்டான், ஓடிபி போட்டான். எல்லாம் வேகமாக. அடுத்து 'கல்வித் தகுதி' என்ற பெட்டி. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அழுத்தினான், பட்டியல் விரிந்தது. டிப்ளமா, இளங்கலை, முதுகலை. விரல் கீழே போனது, மேலே வந்தது. பட்டியல் அவ்வளவுதான். மறுபடி ஒரு தடவை கீழே போய் வந்தது. பிறகு போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"சார்ஜ் கம்மியா இருக்குக்கா. அப்புறம் பாக்கறேன்."

அணைப்பதற்கு முன்னால் அந்தத் திரையின் மேல் ஓரத்தைப் பார்த்தேன். பேட்டரி 71 என்று காட்டியது.

அவன் பத்தாவதோடு நின்றவன். அதை என்னிடம் சொல்ல விரும்பவில்லை, என் தளம் சரியில்லை என்று சொல்லி என்னை நோகடிக்கவும் விரும்பவில்லை. அந்தச் சிவப்பு நட்சத்திரம் நான் வைத்தது. ஏன் வைத்தேன் என்று தோழி அன்றிரவு கேட்டாள். பார்த்த படிவங்களில் எல்லாம் இருந்தது, அதனால் வைத்தேன். வேறு பதில் என்னிடம் இல்லை. வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பிக் கேட்டிருந்தால் அவனும் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பியிருப்பான். இப்படி எத்தனை பேர் சத்தமில்லாமல் அந்தப் பெட்டி முன்னால் போனை அணைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெட்டியையே எடுத்துவிட்டோம். 'உங்களுக்கு என்ன வேலை தெரியும், உங்கள் சொல்லிலேயே எழுதுங்கள்' என்று ஒரு காலி இடம் வைத்தோம். நான்கு நாள் கழித்து மறுபடி லாட்ஜுக்குப் போனேன். மாற்றியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, 'இப்ப சார்ஜ் இருக்கா தம்பி?' என்று மட்டும் கேட்டேன். சிரித்தான். ரிசப்ஷன் மேசை மேல் போனை வைத்துக்கொண்டு, அந்தக் காலி இடத்தில் நிதானமாக ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். 'பெங்காலி நல்லா பேசுவேன். எழுத படிக்க வராது.'

"இப்டிப் போட்டா ஒத்துக்குமாக்கா?"

அவன் கேட்டது நியாயம். எங்களிடம் இருந்தது 'மொழிபெயர்ப்பு' என்ற ஒரே வகை. அதை அழுத்தினால் எழுதிய மாதிரி ஒன்றைப் பதிவேற்றச் சொல்லும். பேசுகிறவன் எதைப் பதிவேற்றுவான்? எழுதுவது தனி, பேசுவது தனி என்று இரண்டாகப் பிரிக்கப் போகிறோம், பேசுவதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அவனிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். உள்ளே இருந்து ஒரு வங்காளி அம்மா அவனைக் கூப்பிட்டார், அவர் மொழியில் ஏதோ பதில் சொல்லிவிட்டுத் திரும்பினான்.

"கூட வந்து பேசித் தர்றதுன்னு போடுங்கக்கா."

அப்படியே போட்டோம். அந்த வகையில் இப்போதைக்கு இருப்பது அவன் பெயர் ஒன்றுதான்.